பத்துல ஒரு பொருத்தம்

(மதுரையில் ஒரு டயர் கடை. 2018 மாடல் ஸ்விஃப்ட் வந்து நிற்கிறது. டிக்கியில் ரெண்டு, பின்சீட்டில் ரெண்டு என்று நாலு அலாய் வீல். குமார் இறங்குகிறான். கடைக்காரர் சேது டீ கிளாஸைக் கீழே வைக்காமலே எட்டிப் பார்க்கிறார்.)

சேது: என்ன தம்பி, வீலுக்கே சவாரி அடிச்சுட்டு வர்ற?

குமார்: மச்சானோட ஹோண்டா சிட்டி கார்ல கழட்டுனதுண்ணே. பன்னெண்டாயிரத்துக்குக் குடுத்தாரு. இதுல 205/65 ஆர்15 டயர் நாலு போட்டு ஸ்விஃப்ட்டுல மாட்டி விடுங்க. பின்னால இருந்து பாத்தா வண்டி கும்முனு நிக்கணும்.

சேது: நிக்கும். நிக்க மட்டுந்தான் செய்யும். ஓடணும்னா வேற சைஸு.

குமார்: அதெப்படிண்ணே? ஹோண்டாவும் 4×100, மாருதியும் 4×100. நாலு ஓட்டை, நூறு மில்லிமீட்டர். நல்லா பாத்துட்டுத்தான் வாங்குனேன்.

சேது: அது பி.சி.டி. வீலை மாட்டுற போல்ட்டு, அதான் ஸ்டட்டு, நாலும் 100 மில்லி விட்டத்துல ஒரு வட்டத்துல இருக்கு, அவ்வளவுதான். பத்துப் பொருத்தத்துல ஒண்ணைப் பாத்துட்டு தாலியோட வந்து நிக்குற. இப்ப வண்டியில என்ன டயரு?

குமார்: 165/80 ஆர்14.

சேது: ஃபோன்ல கால்குலேட்டரை எடு. 165 டயரோட அகலம், அதுல 80 சதவீதம்?

குமார்: 132.

சேது: அதுதான் டயரோட பக்கச்சுவர் உயரம், மில்லிக் கணக்குல. மேல ஒண்ணு, கீழ ஒண்ணு, 264. ரிம்மு 14 அங்குலம், 25.4ஆல பெருக்கு.

குமார்: 355.6. கூட்டுனா... 619.6.

சேது: அது உன் சக்கரத்தோட முழு விட்டம். இப்ப நீ கேட்ட 205/65 ஆர்15ஐ அதே மாதிரி போடு.

குமார்: (முணுமுணுத்துக்கொண்டே தட்டுகிறான்) 133.25... ரெண்டு தடவை... 381... 647.5! 28 மில்லி கூடுதுண்ணே. மூணு செண்டிமீட்டர்கூட இல்லையே.

சேது: நாலரை சதவீதம்டா தம்பி. மீட்டர் 100 காட்டுனா சக்கரம் நூத்தி நாலரைக்கு உருண்டிருக்கும். நான் ரெண்டு சதவீதத்தைத் தாண்டி மாட்டி விட மாட்டேன்.

குமார்: வேகமாப் போனா நல்லதுதானே?

சேது: அதை ரோட்டுல இருக்குற கேமராகிட்ட சொல்லு. ஓடுன கிலோமீட்டரும் கம்மியா விழும், மைலேஜ் குறைஞ்ச மாதிரியே தெரியும். பெரிய டயரு, கனமும் கூட, இழுக்குறதுக்கு எஞ்சின் திணறும், அதுல நெசமாவே குறையும். அகலத்துல வேற 40 மில்லி கூடுது. பக்கத்துக்கு 20. ஸ்டியரிங்கை முழுசா ஒடிச்சா சக்கரத்துக்கு உள்பக்கம் இருக்குற பிளாஸ்டிக் லைனர்ல தேய்க்கும், ஆள் ஏத்துனா மேல மட்கார்டுல, அதான் ஃபெண்டர்ல தேய்க்கும்.

குமார்: அப்ப 15 அங்குல ரிம்மே ஆகாதா?

சேது: ஆகும். ஸ்விஃப்ட்டோட உசந்த மாடலுக்குக் கம்பெனியே 185/65 ஆர்15தான் போட்டு அனுப்புது. தட்டிப் பாரு.

குமார்: 621.5. ரெண்டு மில்லிதான் வித்தியாசம்! (சற்று யோசித்து) ஏண்ணே, அப்ப பதினேழு?

சேது: டீ ஆறிப்போச்சு உன்னால. 205/45 ஆர்17 போட்டா 616.3 வரும். விட்டம் பொருந்தும். ஆனா பக்கச்சுவர் 92 மில்லிதான். இப்ப இருக்குறது 132. குழியில விழுந்தா அடி வாங்கிக்கிறது அந்த 40 மில்லி ரப்பரும் காத்தும்தான். அதை எடுத்துட்டா ரிம்மு வாங்கும். ரிம்மு வளைஞ்சா நீ வாங்குவ, இன்னொரு ரிம்மு. பாரம் தாங்குற எண்ணையும் பாக்கணும். உன் டயர்ல 85ன்னு இருக்கும், ஒரு டயருக்கு 515 கிலோ. அந்தப் பதினேழு சாதா டயர்ல 84, 500 கிலோதான். கூடப் பாரம் தாங்குற எக்ஸ்.எல்.னு போட்டது வாங்குனா 88, 560 கிலோ.

குமார்: சரிண்ணே, 185/65ஏ போடுங்க. மாட்டிரலாம்ல?

சேது: (ஒரு வீலை எடுத்து, சக்கரம் உட்காரும் நடுப்பகுதியான ஸ்விஃப்ட் ஹப்பில் வைக்கிறார். நடுவில் விரல் நகம் நுழைகிற சந்து) இந்தா பாரு. உன் ஹப்பு 54.1. ஹோண்டா வீலுக்கு நடு ஓட்டை 56.1.

குமார்: ரெண்டு மில்லிதானே?

சேது: மெட்டி ரெண்டு மில்லி பெருசுன்னா விரல்ல நிக்குமா? வீலை நடுவுல பிடிச்சு உக்கார வைக்கிறது இந்த ஹப்புதான். சந்து இருந்தா மயிரிழை தள்ளி மாட்டும். எண்பது, தொண்ணூறு போறப்ப ஸ்டியரிங் நடுங்கும். பேலன்ஸ் மெஷின்ல வெச்சா சுத்தமா இருக்கும், வண்டியில மாட்டுனா மறுபடியும் நடுங்கும். வெளிய 56.1, உள்ள 54.1னு ஹப் ரிங் நாலு வாங்கிப் போடணும்.

குமார்: வாங்கிருவோம். நட்டு பதினாறும் மச்சான் சும்மாவே குடுத்துட்டாரு.

சேது: அதான் வில்லங்கம். ஹோண்டா நட்டுல மரைக்கு மரை இடைவெளி 1.5 மில்லி. சுசுகி ஸ்டட்டு 1.25. ரெண்டும் 12 மில்லி தடிமன், அதனால கையில ஒண்ணு ரெண்டு சுத்து ஏறும், அப்புறம் இறுகும். சரியாத்தான் ஏறுதுன்னு நெனச்சு நட்டு முடுக்குற கன் வெச்சு ஏத்துனா மரை வழிச்சுக்கிட்டு வரும், ஸ்டட்டையே மாத்தணும்.

குமார்: என் பழைய நட்டைப் போட்டா?

சேது: (ஓட்டைக்குள் விரலை விட்டுத் தடவிக் காட்டுகிறார்) உன் நட்டு மூக்கு கூம்பு. ஹோண்டாக்காரன் வீல்ல இந்தக் குழி பந்து மாதிரி உருண்டை. கூம்பை அதுல வெச்சா ஓரத்துல ஒரு கோடு மட்டும் தொடும். ஓட ஓட லூசாயிரும். பந்து மூக்கு, 1.25 மரை, அப்படித் தேடி வாங்கணும்.

குமார்: மச்சான் இதெல்லாம் சொல்லவே இல்லையேண்ணே.

சேது: அவர் வித்தவர்.

(வீலைக் குப்புறப் போட்டு, பின்விளிம்பில் குறுக்கே ஒரு ஸ்கேலை வைத்து, அங்கிருந்து ஹப்பில் ஒட்டும் முகம்வரை டேப்பால் அளக்கிறார். பிறகு பழைய இரும்பு ரிம்மிலும் அதே அளவு.)

சேது: இந்த ஆழத்தைப் பாத்துட்டா ஆஃப்செட் வம்பு இல்ல. இது கூடினா வீல் உள்ள போய் சஸ்பென்ஷனை இடிக்கும், குறைஞ்சா வெளிய துருத்தும். இது பரவாயில்ல.

குமார்: ஸ்டெப்னி?

சேது: வேல்ஸ் நாட்டுல லனெல்லி ஊர்ல ஒரு தெரு.

குமார்: என்னது?

சேது: ஸ்டெப்னி தெருண்ணு. 1904ல அங்கதான் முதமுதல்ல அந்த உபரிச் சக்கரம் செஞ்சாங்க, தெருப் பேரே நிலைச்சுப் போச்சு. உன் ஸ்டெப்னி அந்தப் பதினாலாவே இருக்கட்டும், விட்டம் ஒத்துப் போகுது. ஆனா பழைய கூம்பு நட்டு நாலை டிக்கியில ஸ்டெப்னி வைக்கிற குழிக்குள்ளயே போட்டு வை. ராத்திரி பஞ்சரானா பந்து நட்டை வெச்சுக்கிட்டு இரும்பு ரிம்மை மாட்ட முடியாது.

குமார்: மாட்டுனப்புறம் உரசுதான்னு எப்படித் தெரியும்?

சேது: லைனர்லயும் ஃபெண்டர் உதட்டுலயும் சாக்பீஸைத் தேய்ச்சு விடு. பின்சீட்டுல மூணு பேரை ஏத்தி, ஸ்டியரிங்கை ரெண்டு பக்கமும் ஒடிச்சு ஒரு வேகத்தடை ஏறி இறங்கு. எங்க சாக்பீஸ் அழிஞ்சிருக்கோ அங்க உரசுது. நூறு கிலோமீட்டர் ஓடுனப்புறம் வா, இறுக்கத்தை அளக்குற டார்க் ரெஞ்ச்ல நட்டைக் குறுக்கும் நெடுக்குமா ஒருவாட்டி பாத்துருவோம்.

(குமாரின் ஃபோன் அடிக்கிறது.)

குமார்: சொல்லுங்க மச்சான்... என்னது? ...சரி சரி... (ஃபோனைப் பொத்திக்கொண்டு) அண்ணே, மச்சான் சிட்டிக்கு 205/50 ஆர்17 போட்டாராம். பின்னால ஆள் ஏறுனா கருகுன வாசம் வருதாம்.

சேது: முன்னால என்ன இருந்துச்சு?

குமார்: 175/65 ஆர்15. இருங்க... (தட்டுகிறான்) 608.5. புதுசு 636.8. அண்ணே, நாலரைக்கும் மேலண்ணே!

சேது: தேறிட்ட தம்பி.

குமார்: பழைய வீலைத் திருப்பிக் கேக்குறாரு.

சேது: அப்புறமென்ன, ரிங்கும் வேணாம், நட்டும் வேணாம். குடுத்துரு.

குமார்: (ஃபோனில்) இருக்கு மச்சான், இன்னும் மாட்டல. பதினஞ்சாயிரம். ...ஐயோ, வெல ஏத்தல மச்சான். உங்க ஹப்பு 56.1, இந்த வீலும் 56.1. நட்டு மரையும் ஒண்ணு, மூக்கும் ஒண்ணு. இவ்வளவு பொருத்தத்துக்கு மூவாயிரம் கூடக் கேக்கக் கூடாதா?