அந்தச் சிவப்பு வட்டத்துக்குள் இருப்பது நான்தான்

இரண்டு நாளாக எழுதக் கூடாது என்றுதான் இருந்தேன். முடியவில்லை. ஏரியா வாட்ஸாப் குழுவில் என்ன நடந்தது என்று உங்களில் பாதிப் பேருக்குத் தெரியும்; மீதிப் பேருக்கு ஸ்கிரீன்ஷாட் வந்து சேர்ந்திருக்கும். நான் நன்கொடை திரட்டும் வேலை பார்க்கும் தொண்டு அமைப்பின் ஆண்டறிக்கையில் 14-ஆம் பக்கம். ‘ஊதியம், நிர்வாகம், நிதி திரட்டல்’ என்ற வரியைச் சுற்றி ஒரு சிவப்பு வட்டம். கீழே ஒரே ஒரு கேள்வி: ‘சேவைக்குச் சம்பளமா?’ அதற்கு 31 கட்டைவிரல்கள்.

அந்த அறிக்கையை இணையத்தில் போட்டது நாங்கள்தான் என்பதை மட்டும் சொல்லிவிடுகிறேன். யாரும் ராத்திரியில் சுவரேறிக் குதித்துக் கண்டுபிடித்த ரகசியம் இல்லை. முதல் பிழைத்திருத்தம் பார்த்ததே நான்தான்.

கேட்பது ஒரு வேலை. இதைத்தான் இந்தப் பதிவு முழுக்கச் சொல்லப் போகிறேன், சலித்தால் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித் தருபவரின் சம்பளம் எங்கிருந்து வருகிறது, வேன் எப்படி ஓடுகிறது, மருந்து எப்படி வாங்குகிறோம்? யாரோ ஒருவர் யாரிடமோ போய் வாய் திறந்து கேட்டதால்தான். அந்த யாரோ ஒருவருக்கு வாடகை உண்டு, மின்கட்டணம் உண்டு, மாதக் கடைசி என்று ஒன்றும் உண்டு.

பழைய கதை ஒன்று. ஒன்பது வருடம் மருந்து கம்பெனியில் ரெப்பாக இருந்தேன். டாக்டர்களின் அறை வாசலில் பையோடு நின்று, உள்ளே கூப்பிட்டதும் இரண்டு நிமிடத்தில் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டு வர வேண்டும். டார்கெட்டைத் தாண்டிய வருடம் மேடையில் ஏற்றிக் கேடயம் கொடுத்தார்கள். ‘நல்லா பேசுற பொண்ணு, எங்க போனாலும் பிழைச்சுக்குவா’ என்று இதே ஏரியாவில்தான் சொன்னார்கள். பிறகு இந்த வேலைக்கு மாறினேன். சம்பளம் ஏறக்குறையப் பாதியானது. வாய் அதேதான், பையும் அதேதான், வாசலில் காத்து நிற்பதும் அதேதான். இப்போது அதற்குப் பெயர் ‘கையேந்துவது’. என் சொந்த அண்ணனே ‘இன்னும் அந்த வசூல் வேலைதானா?’ என்று கேட்கிறான். மருந்து விற்றபோது என் பயணப்படியைச் சுற்றி யாரும் வட்டம் போடவில்லை. அந்த மாத்திரை அட்டையின் விலைக்குள் என் சம்பளம், என் மேலாளரின் சம்பளம், அந்தக் கேடயத்தின் செலவு எல்லாமே இருந்தது. அதை வாங்கியவர்கள் நோயாளிகள். அப்போது யாருக்கும் மனசாட்சி உறுத்தவில்லை போலிருக்கிறது.

‘எங்கள் பணம் முழுக்கப் பயனாளிக்கே போக வேண்டும்’ என்பார்கள். நல்ல எண்ணம்தான், மறுக்கவில்லை. ஆனால் நிர்வாகச் செலவு விகிதத்தை மட்டும் வைத்து ஓர் அமைப்பை எடை போடாதீர்கள் என்று 2013-இல் அமெரிக்காவில் கைட்ஸ்டார், சாரிட்டி நேவிகேட்டர், பிபிபி வைஸ் கிவிங் அலையன்ஸ் என்ற மூன்று அமைப்புகள் சேர்ந்து நன்கொடையாளர்களுக்குத் திறந்த கடிதம் எழுதின. இவர்கள் யார் தெரியுமா? தொண்டு அமைப்புகளின் கணக்கை ஊருக்குக் காட்டுவதையும் தரம் பார்ப்பதையுமே வேலையாக வைத்திருப்பவர்கள். அளவுகோலைக் கையில் வைத்திருப்பவர்களே ‘இதை மட்டும் நம்பாதீர்கள்’ என்று சொல்லிப் பல வருடம் ஆகிவிட்டது. எங்கள் வாட்ஸாப் குழுவுக்கு அந்தக் கடிதம் இன்னும் வந்து சேரவில்லை. நிர்வாகச் செலவைக் குறைத்துக் காட்டச் சொல்லி நெருக்கினால் அமைப்புகள் குறைத்துக் காட்டும். கணினி வாங்காது, கணக்காளர் வைக்காது, பிறகு ஒருநாள் கணக்கே தப்பாகும். அப்போதும் இதே சிவப்புப் பேனா வரும்.

‘கமிஷன் எவ்வளவு?’ என்று ஒருவர் கண்ணடிக்கும் பொம்மையோடு கேட்டிருந்தார். சார், கமிஷன் கிடையாது. திரட்டும் தொகையில் சதவீதம் வாங்குவதை இந்தத் தொழிலின் சர்வதேசச் சங்கமே தன் நெறிமுறையில் தடை செய்திருக்கிறது. காரணம் எளிது. சதவீதம் என்று வந்துவிட்டால், கொடுக்க முடியாதவரையும் நெருக்கத் தோன்றும். அதனால்தான் மாதச் சம்பளம். அந்த மாதச் சம்பளத்தைத்தான் வட்டம் போட்டிருக்கிறார்கள்.

‘ஒரு வீடியோ வைரலானால் போதாதா, இதற்கெல்லாம் ஆள் எதற்கு?’ இதுவும் வந்தது. 2014 கோடையில் உலகமே தலையில் ஐஸ் தண்ணீர் ஊற்றிக்கொண்டது நினைவிருக்கும். ஏஎல்எஸ் என்ற நரம்பு நோய்க்காக நடந்தது அது; அமெரிக்காவின் ஏஎல்எஸ் சங்கத்துக்கு மட்டும் 11.5 கோடி டாலர் வந்தது. அடுத்த வருடமும் முயன்றார்கள். அந்த அளவுக்குப் பக்கத்தில்கூட வரவில்லை. வைரல் என்பது மழை மாதிரி. வரும்போது பிடித்து வைக்கப் பாத்திரம் வேண்டும், ரசீது போட ஆள் வேண்டும், எந்த ஆய்வுக்கு எவ்வளவு என்று உட்கார்ந்து முடிவு செய்ய ஆள் வேண்டும். அந்த ஆட்கள் எல்லோரும் வட்டத்துக்குள் இருப்பவர்கள்.

அதற்கும் முன்னால் 1885. சுதந்திர தேவி சிலைக்குப் பீடம் கட்டப் பணம் போதாமல் வேலை நின்றபோது, ஜோசப் புலிட்சர் தன் நியூயார்க் வேர்ல்ட் பத்திரிகையில் வாசகர்களிடம் கேட்டார். எவ்வளவு சின்னத் தொகை கொடுத்தாலும் கொடுத்தவர் பெயரை அச்சடிப்பேன் என்றார். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் கொடுத்தார்கள். பெரும்பாலோர் ஒரு டாலருக்கும் குறைவாக. மொத்தம் ஒரு லட்சம் டாலரைத் தாண்டியது. நான் யோசிப்பது, அத்தனை பெயரையும் பிழையில்லாமல் அச்சுக் கோத்த தொழிலாளியைப் பற்றி. அவருக்கு வாரக்கூலி கொடுத்திருப்பார்கள்தானே? இல்லை, அதுவும் சேவையா?

மோசடி அமைப்புகள் இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கின்றன. சரி, அதை இன்னொரு நாள் பேசுவோம். இன்று என் நாள்.

வட்டத்துக்குள் என்ன இருக்கிறது என்று தெரிய வேண்டுமா? போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை. நன்கொடையைப் புதுப்பிக்க வேண்டியவர்களின் பட்டியலைத் திறந்து ஒவ்வொருவராகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். தொகையைச் சொன்ன பிறகு வாயைத் திறக்கக் கூடாது என்பது எங்கள் தொழிலில் முதல் பாடம். எதிர்முனை மௌனத்தை நாம் நிரப்பினால் தொகையை நாமே குறைத்துவிடுவோம். அதனால் மௌனத்துக்குப் பழகியவள் நான். அன்றைக்கு ஒரு பெரியவரின் எண். ஆறு வருடமாக வருடம் தவறாமல் கொடுப்பவர். அவர் பெயருக்கு நேரே குறிப்பில் ‘இடது காது கேட்காது, மெதுவாகப் பேசவும்’ என்று நானே எழுதி வைத்திருக்கிறேன். எடுத்தது அவர் மனைவி. நான் மெதுவாக, சத்தமாக அவர் பெயரைச் சொல்லிக் கேட்டேன். அவர் போய் மூன்று மாதம் ஆகிவிட்டதாம். எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. அந்த அம்மாவே பேசினார். அவர் ரசீதுகளையெல்லாம் தேதி வாரியாக ஒரு கோப்பில் வைத்திருந்ததையும், ஒரு வருடம் இனிஷியல் தப்பாக வந்ததற்கு என்னைக் கூப்பிட்டுத் திருத்தி வாங்கியதையும் சொன்னார். ‘நீதானேம்மா அது?’ என்றார். நான்தான். 40 நிமிடம். பணம் என்ற வார்த்தையை நான் எடுக்கவில்லை. வைத்த பிறகு கணினியில் அந்த அழைப்புக்கு விளைவு என்ற கட்டத்தை நிரப்ப வேண்டும். இருக்கிற தேர்வுகள் மூன்று: ‘உறுதி’, ‘பிறகு’, ‘இல்லை’. ‘இல்லை’ என்று போட்டேன்.

அந்த 40 நிமிடமும் நிர்வாகச் செலவுதான். 14-ஆம் பக்கத்தில் இருக்கிறது.

‘அவ்வளவு கஷ்டமாக இருந்தால் வேறு வேலைக்குப் போக வேண்டியதுதானே?’ போகலாம். எங்களோடு இருந்த ஒரு தம்பி போன வருடம் மென்பொருள் கம்பெனி ஒன்றில் விற்பனைக்குப் போய்விட்டான். அதே பட்டியல், அதே அழைப்பு, அதே மௌனம். சம்பளம் இரண்டு மடங்கு. அவன் சேர்ந்ததைச் சொன்னபோது இதே குழுவில் பட்டாசு பொம்மை போட்டு வாழ்த்தினார்கள். நானும் போட்டேன். எனக்கும் போன வாரம் ஓர் இடத்திலிருந்து பேசினார்கள். இன்னும் பதில் சொல்லவில்லை. இதை இங்கே எழுத நினைக்கவில்லை, எழுதிவிட்டேன்.

உண்மையில் என்னைச் சுட்டது அந்தக் கேள்விகூட இல்லை. அதைவிட மோசமான கேள்விகளை நேரில் வாங்கியிருக்கிறேன். அந்த 31 பேரில் என்னை ‘நம்ம பொண்ணு’ என்று பக்கத்தில் நிறுத்திப் படம் எடுத்துக்கொண்டவர்கள் இருக்கிறார்கள். எங்கள் மாலை வகுப்பில் பிள்ளையைச் சேர்க்க இடம் கேட்டு என் வீட்டு வாசலில் நின்றவர் இருக்கிறார். ‘என்னம்மா இப்படி ஒரு படம் சுத்துது, என்ன விஷயம்?’ என்று ஒருவராவது தனியாகக் கேட்டிருக்கலாம். பதில் வைத்திருந்தேன்.

சம்பளமே வாங்காமல் இதைச் செய்பவர்கள் இருக்கிறார்களே என்று ஓர் அக்கா எழுதியிருந்தார். அவர்களைக் கும்பிடுகிறேன் அக்கா. அவர்கள் வீட்டு வாடகையை யாரோ கட்டுகிறார்கள்.

வட்டம் போட்ட அண்ணன் இரண்டு வருடமாக எங்கள் நன்கொடையாளர். சின்னத் தொகை என்றாலும் கேட்டதும் கொடுத்தவர், அதைச் சொல்லாமல் விட்டால் தப்பு. நாளைக் காலைப் பட்டியலில் அவர் பெயர் 17-வதாக இருக்கிறது. குறிப்பில் ‘பத்து மணிக்கு மேல் கூப்பிடவும்’ என்று இருக்கிறது. பத்தே காலுக்குக் கூப்பிடுவேன். தொகையைச் சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்வேன்.