கீழே ஒரு படுக்கையறை கேட்டது தப்பா?

நேற்று ஒருவர் தான் கட்டப்போகும் மாடி வீட்டின் பிளானை இணையத்தில் போட்டிருந்தார். அதற்குக் கீழே நான் எழுதியதையும், எனக்கு வந்த பதில்களையும் நிறைய பேர் பார்த்திருப்பீர்கள். இப்போது தேடினால் கிடைக்காது, என் கருத்தை நீக்கிவிட்டார்கள். அதனால்தான் இங்கே எழுதுகிறேன்.

நான் சொன்னது ஒன்றே ஒன்று. மாடி வீடு கட்டுகிறீர்கள், படுக்கையறை எல்லாமே மேலே இருக்கிறது. கீழே ஒரு படுக்கையறையும் அதை ஒட்டி ஒரு குளியலறையும் வையுங்கள், கதவுகளை அகலமாக வையுங்கள். இவ்வளவுதான். அதற்கு, "நல்ல காரியம் நடக்கும்போது ஏங்க இப்படி வாய் வைக்கிறீங்க" என்றார் ஒருவர். "எங்க வீட்ல யாருக்கும் முட்டி வலி இல்லைங்க" என்று வீட்டுக்காரரே எழுதினார். அதற்கும் சிரித்து வைத்தவர்கள் எத்தனை பேர்!

நான் யாருக்கும் கெட்டது நடக்க வேண்டும் என்று நினைக்கவில்லை. கீழே ஒரு படுக்கையறை வேண்டும் என்றேன்.

இடமில்லை என்கிறார்கள். பிளானை மறுபடி பாருங்கள். கீழே 14-க்கு 16 அடியில் ஒரு ஹால், அதற்கு இரட்டை உயரம். அதாவது மேல்தளத்தில் 224 சதுர அடி வெறும் காற்று. இது போக, டிவி பார்க்கவென்று கீழேயே 11-க்கு 16 அடியில் இன்னோர் இடம். ஹாலுக்கு மேலே இருக்கும் அந்தத் திறப்பை மூடித் தளம் போட்டு டிவியை மேலே கொண்டுபோங்கள். கீழே காலியாகும் இடத்தில் 10-க்கு 11 அடி படுக்கையறையும் 5-க்கு 8 அடி குளியலறையும் நடுச்சுவரோடு சேர்த்து அடங்கும், மிச்சத்தில் ஓர் அலமாரியும் நிற்கும். அந்தக் குளியலறை மேல்தளக் குளியலறைக்கு நேர் கீழே வந்தால் குழாய்களும் ஒரே இறக்கத்தில் முடிந்துவிடும்.

"அதான் கீழே டாய்லெட் இருக்கே" என்று ஒருவர் கேட்டார். படிக்கட்டுக்கு அடியில் இருப்பதைச் சொல்கிறார். பிளான் என்பது வீட்டைத் தரையிலிருந்து ஏறக்குறைய நான்கடி உயரத்தில் குறுக்கே வெட்டி மேலிருந்து பார்ப்பது. அதில் நீள அகலம் தெரியும், தலைக்கு மேல் எவ்வளவு இருக்கிறது என்று தெரியாது. பத்தடி உயரத்தை ஏழங்குலப் படிகளால் ஏறினால் பதினேழு படி வரும். அந்தச் சரிவுக்கு அடியில் ஒருவர் நிமிர்ந்து நிற்க ஆறரை அடியாவது கிடைக்கிறதா என்று செங்குத்து வெட்டுப் படம் கேட்டு வாங்கிப் பாருங்கள். குனிந்து போய்க் குனிந்தே எழுந்து வரும் இடத்தில் வயதானவரை விட முடியுமா?

அப்புறம் கதவு. அம்மாவுக்கு இடுப்பு எலும்பு முறிந்தபோது நாங்கள் இருந்ததும் இதே மாதிரி வீடுதான், படுக்கையறை எல்லாம் மாடியில். ஹாலில் கட்டில் போட்டோம். கீழே இருந்த ஒரே குளியலறைக்கு இரண்டரை அடிக் கதவு. கேட்டால், இந்த அகலம் போதும் என்றுதான் தோன்றும். நிலைச் சட்டமும் திறந்து நிற்கும் கதவின் கனமும் போக இரண்டடிக்கு ஒட்டித்தான் மிஞ்சும். சாதாரணச் சக்கர நாற்காலியே 25, 26 அங்குல அகலம். முதல் தடவை உள்ளே தள்ளப் பார்த்தபோது, சக்கரத்தைப் பிடித்திருந்த அம்மாவின் விரல் முட்டிகள் நிலையில் உரசித் தோல் வழன்றுபோனது. கதவைக் கழற்றினோம், அப்படியும் நாற்காலி நிலையை இடித்துக்கொண்டுதான் போனது. கதவுக்குப் பதில் ஒரு போர்வையைத் தொங்கவிட்டோம். வாசலில் பேச்சுச் சத்தம் கேட்டால் அம்மா உள்ளிருந்து "யாரு வந்திருக்கா?" என்று கேட்பாள். வந்தவர் கிளம்பும்வரை தண்ணீரைத் திறக்க மாட்டாள், இருமக்கூட மாட்டாள். தன் பிள்ளைகள் கட்டிய வீட்டில்.

இதைத்தான் "வாய் வைக்கிறீங்க" என்றார்கள்.

இளம் குடும்பம், இப்போது எதற்கு என்கிறார்கள். காலில் மாவுக்கட்டு போட்டவனுக்கு வயது இருபதாக இருந்தாலும் அந்தப் பதினேழு படி பதினேழுதான். வயிற்றைக் கீறிப் பிரசவம் ஆனவளுக்கும் அதே படிதான். இன்றைக்கு அந்த அறையில் மேசை போட்டு வேலை பாருங்கள், பிள்ளைகள் படிக்கட்டும், வேண்டிய நாளில் கட்டில் போடலாம். ஆனால் அறையும் குழாயும் இன்றே பிளானில் இருந்தால்தான் அது நடக்கும். பின்னால் லிஃப்ட் போட்டுக்கொள்ளலாம் என்றால் அதற்கான குழிக்கும் இப்போதே இடம் விடவேண்டும். விட்டிருக்கிறார்களா? இல்லை.

சின்ன மனையில் முடியாது என்பது மட்டும் நியாயமான பேச்சு. ஒடுக்கமான மனை என்றால் தனி அறை கஷ்டம்தான், ஒத்துக்கொள்கிறேன். அங்கேயும் குளிக்கிற வசதியோடு ஒரு கழிவறையைக் கீழே வைத்து, நிலை போக 32 அங்குலம் திறக்கும் கதவு போடலாம். அந்தக் கதவு வெளிப்பக்கம் திறக்கட்டும். உள்ளே ஒருவர் விழுந்து கதவை அடைத்துக் கிடந்தால், உள்பக்கம் திறக்கும் கதவைத் தள்ளவே முடியாது. ஆனால் நேற்றைய மனை சின்ன மனையே இல்லை. இரண்டு கார் நிறுத்த இடம் விட்டிருக்கிறார்கள்.

"நீங்க என்ன இன்ஜினியரா?" என்று கேட்டவருக்கு: இல்லை. இங்கிலாந்தில் 1999 முதல் புதிதாகக் கட்டும் வீடுகளுக்கு நுழைவுத் தளத்திலேயே கழிவறை வேண்டும் என்று கட்டட விதியே இருக்கிறது. அதை எழுதியவர்களும் வாய் வைத்தவர்கள்தானா?

எனக்கு வலித்தது கிண்டல் இல்லை. வருகிறவர்கள் அண்ணாந்து பார்க்க 224 சதுர அடி தாராளமாக இருக்கிறது, வீட்டில் ஒருவர் விழுந்தால் படுக்க இடம் கேட்பது அபசகுனமாக இருக்கிறது. ஹாலுக்கு வருகிற விருந்தாளி ஒரு மணி நேரத்தில் போய்விடுவார். அம்மா அந்த ஹாலில்தான் கடைசிவரை படுத்திருந்தாள்.

மாற்றிய பிளானை அளவெல்லாம் போட்டு வரைந்து வீட்டுக்காரருக்குத் தனியாக அனுப்பியிருக்கிறேன். இன்னும் பார்க்கவில்லை. அஸ்திவாரம் தோண்ட இன்னும் ஆள் வரவில்லை என்று அவரே எழுதியிருந்தார், அதற்குள் பார்த்தால் போதும். என் மேல் கோபம் இருந்தால் இருக்கட்டும், அந்தக் கதவின் அகலத்தையாவது மாற்றுங்கள்.