ரெண்டு டாம்கேட் ஓடினா அது கிளஸ்டரா?

ஜாவா வெப் அப்ளிகேஷனை ஓட்டற சர்வர் டாம்கேட். அதுல ரெண்டை ஓடவிட்டு, வர்றவங்களைப் பிரிச்சு அனுப்பற லோட் பேலன்சரா முன்னாடி ஒரு அப்பாச்சி வெப் சர்வரை வெச்சதும் "கிளஸ்டர் போட்டாச்சு"ன்னு மெயில் தட்டிடறோம். ஒண்ணு விழுந்தாலும் இன்னொன்னு தாங்கிக்கும்னு அதுக்கு அர்த்தம். நானும் தட்டினவன்தான்.

அப்புறம் ஒருநாள் பேட்ச் போடறதுக்காகப் பட்டப்பகல்ல ஒரு சர்வரை இறக்கினேன். இன்னொன்னு இருக்கேங்கற தைரியம். ரெண்டே நிமிஷத்துல ஃபோன். பாதிப் பேர் லாகின் பக்கத்துல நிக்கறாங்க. ஒரு அம்மா நாலு பக்கப் படிவத்துல மூணு பக்கம் முடிச்சிருந்தாங்களாம். "லோட் பேலன்சர் இருக்குன்னு சொன்னீங்களே சார்?"

இருந்துச்சு. செத்த சர்வரை விட்டுட்டு உயிரோட இருக்கறதுக்கு எல்லாரையும் ஒழுங்காத்தான் அனுப்புச்சு. ஆனா அந்தம்மாவோட செஷன் (யார் லாகின் பண்ணினாங்க, எதுவரைக்கும் முடிச்சாங்கங்கற குறிப்பு), செத்துப்போன சர்வரோட ஜேவிஎம் (ஜாவாவை ஓட்டற ப்ரோசஸ்) மெமரியிலதானே இருந்துச்சு!

"ஸ்டிக்கி செஷன் போட்டிருக்கோமே"ன்னு யாராவது சொன்னா இப்பல்லாம் எனக்குக் கோவம் வருது. டாம்கேட்டோட செட்டிங்ஸ் ஃபைலான சர்வர் எக்ஸ்எம்எல்ல எஞ்சின் வரியில ஜேவிஎம்ரூட்னு ஒரு பேர் கொடுக்கறோம். செஷன் நம்பரைச் சுமக்கற ஜேசெஷன்ஐடி குக்கியோட வால்ல ஒரு புள்ளி வெச்சு அந்தப் பேர் ஒட்டிக்கும். பேலன்சர் அந்த வாலைப் பார்த்து ஆளை அதே சர்வருக்கு அனுப்பும், அவ்வளவுதான். (அப்பாச்சியை டாம்கேட்டோட இணைக்கற மோட் ஜேகேன்னா, அதுல டாம்கேட்டுக்கு வெச்சிருக்கற வொர்க்கர் பேரும் இதுவும் எழுத்துக்கு எழுத்து ஒண்ணா இருக்கணும். இல்லேன்னா ஒட்டாது. ஒரு க்ளிக் உள்ள, ஒரு க்ளிக் லாகின் பக்கம். இதுக்கே ஒரு சாயங்காலம் போச்சு.) சர்வர் உயிரோட இருக்கற வரைக்கும்தான் இந்த ஒட்டு. செத்தா ஒட்டறதுக்கு என்ன இருக்கு?

செஷனை அடுத்த சர்வருக்கும் நகல் எடுக்கணும்னா சர்வர் எக்ஸ்எம்எல்ல கமென்ட்டா அடைச்சு வெச்சிருக்கற கிளஸ்டர் வரியைத் திறந்துவிட்டா மட்டும் போதாது. அப்ளிகேஷனோட வெப் எக்ஸ்எம்எல்ல டிஸ்ட்ரிபியூட்டபிள்னு ஒரு வரி வேணும். அதைத்தான் நான் விட்டிருந்தேன். அதைப் போட்டப்புறமும் நகல் போகலை. சர்வருங்க ஒண்ணையொண்ணு கண்டுபிடிக்கறது மல்டிகாஸ்ட்ல (ஒரே முகவரிக்குக் குரல் கொடுத்தா கூட்டத்துல எல்லாருக்கும் கேக்கற முறை), டீஃபால்ட்டா 228.0.0.4, போர்ட் 45564. எங்க க்ளவுட் நெட்வொர்க் மல்டிகாஸ்ட்டை விடலை. ரெண்டும் ஆளுக்கொரு பக்கம் தனிக்குடித்தனம் நடத்திட்டிருந்துச்சு. கடைசியில உறுப்பினர் முகவரிகளைக் கையால எழுதி வெச்சோம்.

ஹெல்த் செக், அதாவது சர்வர் நல்லாருக்கான்னு பேலன்சர் பார்க்கற சோதனை, இன்னொரு கூத்து. போர்ட் திறந்திருக்கான்னு மட்டும் பார்த்தா, டேட்டாபேஸ் கனெக்‌ஷன் தீர்ந்துபோன சர்வரும் "நலம்"னு சொல்லும். வர்றவங்களுக்கெல்லாம் 500 எர்ரரைச் சட்டுனு கொடுத்துட்டுக் கையைக் கட்டிக்கிட்டு நிக்கும். கூட்டம் குறைவா இருக்கற சர்வருக்கு அனுப்புன்னு பேலன்சர்ல சொல்லி வெச்சிருந்தா, அந்தக் கூட்டமில்லாத சர்வர் இதுதான். மொத்த ஜனமும் அங்கதான் போகும்.

இப்ப எனக்கு ஒரே பரீட்சைதான். வேலை நாள், காலைல பதினொரு மணி, ஒரு சர்வரை கில் மைனஸ் 9 (ப்ரோசஸைச் சட்டுனு கொல்ற கமாண்ட்) கொடுத்துப் பாருங்க. ஃபோன் வரலைன்னா கிளஸ்டர்னு சொல்லிக்கலாம். மேனேஜர்கிட்ட முதல்லயே சொல்லிட்டுச் செய்யுங்க.

எங்க ஆபீஸ்ல போன வாரம் செஞ்சோம். ஒரே ஒருத்தர்தான் வெளிய விழுந்தார். அவர் அப்லோட் பண்ணின எக்செல் மொத்தத்தையும் செஷனுக்குள்ள போட்டு வெச்சிருக்காங்க, அதுவும் உள்ளுக்குள்ள சீரியலைஸ் ஆகாத (பைட்டா மாத்தி அடுத்த சர்வருக்கு அனுப்ப முடியாத) பாகம் இருக்கற ஆப்ஜெக்ட்டா. டெவலப்பரோட பஞ்சாயத்து இன்னும் ஓடிட்டிருக்கு.