144 ஹெர்ட்ஸ் இருக்கு, சரி... சிவப்பு எங்கேய்யா?

போட்டோ எடிட்டிங்குக்கு அறுபது, எழுபதாயிரத்துக்குள்ள ஒரு லேப்டாப் வேணும்னு கடையில கேட்டுப் பாருங்க. ரிச்சி ஸ்ட்ரீட்டா இருந்தாலும் சரி, ஏசி போட்ட ஷோரூமா இருந்தாலும் சரி, கேள்வியை முடிக்கிறதுக்குள்ள "ஐ7 இருக்கு, 4 ஜிபி கிராஃபிக்ஸ் இருக்கு, கீபோர்டுல லைட் எரியும்"னு ஒப்பிக்க ஆரம்பிச்சிடுவாங்க. ஸ்கிரீன் எப்படின்னு கேட்டா ஒரே பதில்: "ஃபுல் ஹெச்டி சார், 144 ஹெர்ட்ஸ்." யோவ், கல்யாணப் பொண்ணு போட்டோவுல அசையாமத்தான்யா நிக்குது! அதை நொடிக்கு 144 தடவை புதுப்பிச்சு என்ன ஆகப்போகுது?

ஆன்லைன்ல இன்னும் மோசம். ஃபேன்ல எத்தனை இறக்கைங்கிற வரைக்கும் எழுதுறாங்க. டிஸ்ப்ளேன்னு வர்ற இடத்துல மட்டும் "15.6 இன்ச், ஆன்டி-கிளேர்", அவ்வளவுதான். கம்பெனியோட பிடிஎஃப்பைத் தோண்டி எடுத்தா பொடி எழுத்துல இருக்கும்: 250 நிட்ஸ் (வெளிச்ச அளவு), 45% என்டிஎஸ்சி (நிற அளவு). அந்த 45-தான் வில்லன்.

என்டிஎஸ்சிங்கிறது 1953-ல அமெரிக்காவுல கலர் டிவிக்கு வகுத்த அளவுகோல். இன்னைக்கு இன்ஸ்டாகிராமும், வாட்ஸ்அப்பும், ஆல்பம் அடிக்கிற லேபும் எதிர்பார்க்கிறது எஸ்ஆர்ஜிபிங்கிற நிறத் தொகுப்பு. அதோட பரப்பு என்டிஎஸ்சியில 72 சதவீதம். 45-ஐ 72-ஆல வகுங்க, 62 சொச்சம் வரும். எஸ்ஆர்ஜிபி நிறங்கள்ல மூணுல ஒரு பங்குக்கு மேல அந்தத் திரையால காட்டவே முடியாதுன்னு அர்த்தம். 62-ன்னு நேரா எழுதினா நூத்துக்கு எவ்வளவு குறையுதுன்னு எல்லாருக்கும் புரிஞ்சிடும். 45% என்டிஎஸ்சின்னா எவனுக்கும் ஒண்ணும் புரியாது. அதானே வசதி!

பெட்டியில ஐபிஎஸ்னு போட்டிருந்தாலும் மயங்காதீங்க. ஐபிஎஸ்னா பக்கவாட்டுல பார்த்தாலும் படம் வெளிறாது, அவ்வளவுதான். நிறம் எவ்வளவு வரும்ங்கிறது வேற கணக்கு. 45 சதவீத ஐபிஎஸ் திரைதான் இந்த விலையில எங்க பார்த்தாலும் கிடக்கு.

இந்தத் திரையில முதல்ல அடி வாங்குறது சிவப்பும் பச்சையும். அரக்குப் பட்டு செங்கல் கலர்ல தெரியும். மயில்கழுத்துப் புடவை சோகை பிடிச்ச நீலமாயிடும். எடிட் பண்றவர் என்ன செய்வார்? சாச்சுரேஷனை 10, 20-ன்னு ஏத்துவார், ரெட் ஸ்லைடரை இன்னும் கொஞ்சம் தள்ளுவார். இப்போ ஸ்கிரீன்ல பார்க்க லட்சணமா இருக்கும். அதையே பொண்ணோட அண்ணன் தன் போன்ல திறந்தா மாப்பிள்ளை மூஞ்சி தக்காளி. லேப்ல இருந்து ஆல்பம் வந்தா புடவை மடிப்பும் நெசவும் தெரியாம ஒரே சிவப்பா அப்பிக்கிட்டு நிக்கும், ஏன்னா ரெட் சேனல் உச்ச அளவான 255-ல போய் முட்டியாச்சு. ஹிஸ்டோகிராமை, அதாவது நிற அளவைக் காட்டுற வரைபடத்தைப் பார்த்தவனுக்குத்தான் அது தெரியும், திரையை நம்பினவனுக்குத் தெரியாது. அப்புறம் "லேப்காரன் சொதப்பிட்டான்"னு பழி.

"கேலிப்ரேட் பண்ணிக்கலாமே"ன்னு ஒரு அறிவுரை வரும். திரையில வெச்சு அளக்கிற ஸ்பைடர் மாதிரி கருவி வெள்ளையை 6500 கெல்வினுக்கு இழுத்துட்டு வரும், காமாவை (இருட்டுக்கும் வெளிச்சத்துக்கும் நடுவுல இருக்கிற ஏற்றத்தை) 2.2-க்கு நேராக்கும். பேனல்ல இல்லாத சிவப்பை அது எங்க போய்க் கொண்டு வரும்?

அடுத்த கூத்து கேமிங் லேப்டாப். "எடிட்டிங்குன்னா கிராஃபிக்ஸ் கார்டு வேணும் சார்"னு ஆர்டிஎக்ஸ் 3050 போட்டதைத் தலையில கட்டுறாங்க. விலை மொத்தமும் கார்டுக்குப் போயிடும், திரை அதே 45 சதவீதம். லைட்ரூம்ல கிராஃபிக்ஸ் கார்டை உண்மையிலேயே பிழியறது 2023 ஏப்ரல்ல வந்த ஏஐ டினாய்ஸ், அதாவது படத்துல இருக்கிற புள்ளிப் புள்ளியான இரைச்சலை நீக்குறது. மண்டபத்து ரிசப்ஷன்ல ஐஎஸ்ஓ 6400-ல எடுத்துத் தள்ளுறவங்களுக்கு அது அவசியம்தான், கார்டு இல்லேன்னா ஒரு படத்துக்கே நிமிஷக்கணக்குல உட்காரணும். ஆனா கலர் கரெக்ஷன், ஸ்கின் ரீடச்சிங், ஆல்பம் டிசைன் மட்டும் பண்றவங்களுக்கு ப்ராசஸரோட ஒட்டி வர்ற கிராஃபிக்ஸே போதும். மிச்சமாகிற காசை ரேம்லயும் திரையிலயும் போடலாம்.

ப்ராசஸர் பேர்ல நடக்கிறது சுத்தக் கண்கட்டு. ஏஎம்டியோட ரைசன் 5 7520யூ, ரைசன் 5 7530யூ. பத்து நம்பர்தானே வித்தியாசம்? முதலாவதுல 4 கோர், ஜென் 2 டிசைன், பழைய சரக்கு. ரெண்டாவதுல 6 கோர், ஜென் 3. அந்த 7000 வரிசையில மூணாவது இலக்கம்தான் உள்ள எந்தத் தலைமுறைன்னு சொல்லும், கவுன்ட்டர்ல இருக்கிறவர் சொல்ல மாட்டார். இன்டெல்லும் சளைச்சதில்லை. ஐ7-1255யூ-வுல பெரிய கோர் ரெண்டே ரெண்டு, ஐ5-12450ஹெச்-ல நாலு. கேமரா தர்ற நூறு ரா ஃபைலை எக்ஸ்போர்ட் போட்டா ஐ5 பெரும்பாலும் முந்திடும். ஆனா ஸ்டிக்கர்ல 7 இருக்கே, அதுக்குக் கூடக் காசு.

ரேம் விஷயத்துல 8 ஜிபியை இன்னும் கூசாம விக்கிறாங்க. நம்ம ஊர் ஆல்பம் ஷீட் 12-க்கு 36 இன்ச். 300 டிபிஐ-ல அது 10800-க்கு 3600 பிக்சல். 8-பிட்லயே ஒரு முழு லேயர் ஏறக்குறைய 117 எம்பி. பின்னணி, பார்டர், ஆறு போட்டோ, மாஸ்க், பூ, எழுத்துன்னு அடுக்கினா ஃபோட்டோஷாப் ரெண்டு மூணு ஜிபியைச் சாதாரணமா முழுங்கும். விண்டோஸுக்கும் குரோமுக்கும் போக என்ன மிஞ்சும்? இடம் பத்தாம எஸ்எஸ்டியில எழுத ஆரம்பிக்கும், சி டிரைவ் நிறையும், ராத்திரி பதினொரு மணிக்கு "ஸ்கிராட்ச் டிஸ்க் ஃபுல்"னு மூஞ்சியில அடிக்கும். 16 ஜிபிக்குக் கீழ தொடவே தொடாதீங்க. 8-ஐ வாங்கி அப்புறம் ஏத்திக்கலாம்னா, முதல்ல ரேம் ஸ்லாட் இருக்கான்னு பாருங்க. எல்பிடிடிஆர்5-னு போட்டிருந்தா அனேகமா போர்டோட பற்ற வெச்சது, சாகிற வரைக்கும் அதே 8-தான். ஒத்தை ரேம் குச்சி போட்ட இன்டெல் மாடல்ல இன்னொரு நஷ்டம்: பெட்டியில கிராஃபிக்ஸ் ஐரிஸ் எக்ஸ்இ-ன்னு இருக்கும், உள்ள அதைவிடக் கீழான யூஹெச்டி-ன்னு காட்டும். ரெண்டு சேனல்ல ரேம் ஓடினாத்தான் அந்தப் பேரே வரும்.

பல மாடல்ல எஸ்டி கார்டு ஸ்லாட்டையும் தூக்கிட்டாங்க. கார்டு ரீடர் வாங்குறப்ப யூஎஸ்பி 3-ன்னு பார்த்து வாங்குங்க. யூஎஸ்பி 2-ல 64 ஜிபி கார்டு காலியாக அரை மணி நேரம் ஆகும்.

ஓஎல்இடி இப்போ இந்த விலைக்கே வருது, நிறமும் குறைவில்லை. ஆனா அது டிசிஐ-பி3, எஸ்ஆர்ஜிபியை விட அகலமான நிறத் தொகுப்பு. எஸ்ஆர்ஜிபி மோடுக்கு மாத்தாம எடிட் பண்ணினா மேல சொன்ன கதையே தலைகீழா நடக்கும்: திரையில எல்லாமே தகதகன்னு தெரியும், நீங்க குறைச்சுக் குறைச்சு வைப்பீங்க, பிரிண்ட் சோர்ந்து வரும். மோடு மாத்துற வசதி அந்த மாடல்ல இருக்கான்னு கேட்டுட்டு வாங்குங்க.

சாதாரண எல்சிடி திரைன்னா தேட வேண்டியது "100% எஸ்ஆர்ஜிபி", இல்லேன்னா "72% என்டிஎஸ்சி", 300 நிட்ஸுக்குக் குறையாம. ஒரு எண்ணும் போடலேன்னா 45-ன்னு வெச்சுக்குங்க, நல்ல எண்ணை எவனும் ஒளிச்சு வைக்க மாட்டான். வீட்டுல உட்கார்ந்தே வேலை செய்றவங்க சுமார் திரை லேப்டாப்பையே எடுத்து, 99% எஸ்ஆர்ஜிபி போட்ட 24 இன்ச் ஐபிஎஸ் மானிட்டரைத் தனியா வாங்கி மாட்டிக்கலாம். எனக்குக் கேட்டா இந்தப் பட்ஜெட்டுக்கு அதுதான் உருப்படியான வழி. மானிட்டர் வெளிச்சத்தை 120 நிட்ஸ் பக்கம் இறக்கி வைங்க. ஃபுல்லா வெச்சு எடிட் பண்ணிட்டு பிரிண்ட் இருட்டா வந்துதுன்னா லேபைத் திட்டாதீங்க.

கடைக்குப் போறப்ப பென்டிரைவ்ல ரெண்டு படம் கொண்டு போங்க: ஒரு அரக்குப் பட்டு, கறுப்புல இருந்து வெள்ளைக்குப் போற ஒரு கிரேடியன்ட். போனை நேச்சுரல் மோடுக்கு மாத்திப் பக்கத்துல வெச்சுப் பாருங்க. அவங்க ஓட்டுற டெமோ வீடியோவுல எந்தத் திரையும் அழகாத்தான் இருக்கும்.

வாங்கின பிறகும் தொல்லை ஓயாது. சார்ஜரைக் கழட்டினதும் கலரும் கான்ட்ராஸ்டும் தானா மாறினா கண்ணு கெட்டுப் போச்சுன்னு நினைக்காதீங்க. பேட்டரியை மிச்சம் பிடிக்கிறேன்னு இன்டெல்லோட டிஸ்ப்ளே பவர் சேவிங்கோ ஏஎம்டியோட வேரி-பிரைட்டோ செய்ற வேலை அது. ரெண்டையும் அணைச்சுப் போடுங்க, நைட் லைட்டையும் சேர்த்து.

இதுல உச்சக்கட்ட அயோக்கியத்தனம், ஒரே மாடல் பேர்ல ரெண்டு மூணு பேனல் போட்டு விக்கிறது. ரிவ்யூக்குப் போனது நல்ல பேனல், உங்க வீட்டுக்கு வந்தது எதுவோ. பெட்டியைப் பிரிச்ச அன்னைக்கே டிவைஸ் மேனேஜர்ல மானிட்டர்ஸைத் திறந்து, டீட்டெயில்ஸ்ல ஹார்டுவேர் ஐடியைப் பாருங்க. பிஓஇ, ஏயூஓ, சிஎம்என், எல்ஜிடி மாதிரி கம்பெனியைக் காட்டுற மூணு எழுத்தும், பின்னால எண்ணும் எழுத்தும் கலந்த நாலு இலக்கமும் இருக்கும். அதை நெட்ல தேடினா எந்த பேனல், எத்தனை சதவீதம்னு பெரும்பாலும் சிக்கிடும். 45-ன்னு வந்தா ரிட்டர்ன் தேதி முடியறதுக்குள்ள திருப்பி அனுப்புங்க. காரணம் கேட்டா "ஸ்கிரீன்ல சிவப்பு இல்லை"ன்னே எழுதுங்க.