வலப்பக்கம் திறக்கும் மங்கா போலி அல்ல

"வலப்பக்கமிருந்து திறக்கும் மங்கா (ஜப்பானியப் படக்கதை) எல்லாம் போலிப் பதிப்பு, வாங்கி ஏமாறாதீர்கள்" என்று கொழும்பு வாசகர்களிடையே வாட்ஸ்அப்பில் ஒரு தகவல் சுற்றுகிறது. இது தவறு. ஜப்பானில் மங்காவை வலமிருந்து இடமாகத்தான் வாசிக்கிறார்கள். கட்டங்களும் அதே வரிசைதான்.

முன்பு ஆங்கிலப் பதிப்பாளர்கள் பலர், இடமிருந்து வலமாக வாசிக்க வசதியாகப் பக்கங்களைக் கண்ணாடியில் தெரிவதுபோலத் திருப்பி அச்சிட்டார்கள். வலக்கையில் வாள் பிடித்தவன் இடக்கையனாகிவிடுவான். கிமோனோ என்ற ஜப்பானிய மரபு உடையின் நிலை இன்னும் மோசம்: உடுத்தியவரின் இடப்பக்க மடிப்பு மேலே இருக்கவேண்டும், திருப்பினால் வலப்பக்கம் மேலே வந்துவிடும். ஜப்பானில் இறந்தவர்களுக்குத்தான் அப்படி உடுத்துவார்கள்!

2002இல் டோக்கியோபாப் என்ற அமெரிக்கப் பதிப்பகம் மூல அமைப்பிலேயே வெளியிடத் தொடங்கியது; அப்புறம் அதுவே வழக்கமாயிற்று.

போலிகள் இல்லாமலில்லை. மருதானையில் பழைய புத்தகம் வாங்கினாலும் சரி, மங்கிய அச்சு, ஓரத்தில் வெட்டுப்பட்ட வசனம் இருக்கிறதா என்று பாருங்கள்.