உதையை மட்டும் பார்த்தால் போதாது
ஒருவர் சண்டையிடும் விதத்தைப் பார்த்தே அவர் பழகிய தற்காப்புக் கலையை அடையாளம் காண்பது பற்றிய இந்தக் கட்டுரை, காலை உயரத் தூக்கி உதைத்தால் அது கொரியாவின் டேக்வாண்டோதான் என்று சொல்வது சரியில்லை. கராத்தேயிலும் தாய்லாந்தின் முவாய் தாயிலும் தலைக்கு உதை உண்டு. கைகளைப் பாருங்கள். ஒலிம்பிக் முறை டேக்வாண்டோ போட்டியில் முகத்தில் குத்தத் தடை, தலைக்கு உதைத்தால் 3 புள்ளி. அதனால் பலருக்கும் கை தாழ்ந்தே நிற்கும். முவாய் தாயில் முழங்கை அடி வரும் என்பதால் கை முகத்தை விட்டு இறங்காது, உதையும் பெரும்பாலும் பாதத்தால் இல்லை, முழங்காலுக்குக் கீழே உள்ள முன்னெலும்பால் விழும். மேலே கருத்து எழுதிய ஒருவர், கையில் கம்பு இல்லாவிட்டால் சிலம்பக்காரரை அடையாளம் காணவே முடியாது என்கிறார். மேலூர்ப் பக்கம் வாத்தியாரிடம் பழகியவன் என்ற முறையில் சொல்கிறேன், எங்களுக்குக் கம்பைத் தொடுமுன் காலடிதான், அதாவது கால் வைக்கும் முறைதான் பாடம். கம்பு இல்லாமல் வெறுங்கையால் சண்டையிடும் குத்துவரிசை போட்டாலும் அந்தக் காலடி தானாக வந்துவிடும். சிலம்பக்காரர் நின்ற இடத்தில் குதிக்க மாட்டார், காலடிக்குக் காலடி திசை மாறுவார். மதுரையைச் சுற்றி இத்தனை வாத்தியார்கள் இருக்கும்போது கட்டுரையில் சிலம்பத்துக்கு ஒரு வரிகூட இல்லாதது வருத்தமாக இருக்கிறது.