கிளிப் போடுகிற பிள்ளையை யாரும் கேட்பதில்லை

போன வாரம் மகளுக்குப் பல்லில் போட்டிருந்த கிளிப்பைக் கழற்றினார்கள். இரண்டு வருடம் ஒரு மாதம் ஆகியிருந்தது. கழற்றியதிலிருந்து நாக்கால் பல்லைத் தடவிக்கொண்டே இருக்கிறாள். "வழவழன்னு இருக்கும்மா, வேற யாரோட பல்லோ மாதிரி" என்றாள். படம் எடுத்து குடும்ப வாட்ஸப் குழுவில் போட்டேன். "இப்பதான் அழகா இருக்கா" என்று வரிசையாகப் பதில்கள். படிக்கப் படிக்க எரிச்சல்தான் வந்தது. இரண்டு வருடம் அவள் பட்ட பாட்டைப் பற்றி ஒருவர்கூட ஒரு வார்த்தை கேட்கவில்லை. அந்த எரிச்சலில்தான் இதை எழுதுகிறேன்.

இவளுக்கு எட்டு வயது இருக்கும்போது மேல் முன்பல் இரண்டுக்கும் நடுவில் நல்ல இடைவெளி. பக்கத்துப் பற்கள் வேறு விசிறி மாதிரி வெளிப்பக்கம் சாய்ந்து நின்றன. பார்த்தவர்கள் எல்லாம் "சீக்கிரம் கம்பி கட்டிடு" என்றார்கள். ஒரு கிளினிக்கிலும் அதையே சொன்னார்கள், அன்றைக்கே அளவெடுக்கலாம் என்றார்கள். நானும் கிட்டத்தட்டச் சரி என்று சொல்லிவிட்டேன். என்ன தோன்றியதோ, இன்னொருவரிடமும் காட்டிவிடலாம் என்று பல் சீரமைப்பு மட்டுமே பார்க்கும் டாக்டர் ஒருவரிடம் போனேன்.

அவர் எக்ஸ்ரேயைக் காட்டி, மூக்குக்குக் கொஞ்சம் கீழே எலும்புக்குள் படுத்திருந்த இரண்டு கோரைப்பற்களைத் தொட்டுக் காட்டினார். அவை இறங்கி வரும் வழியில் பக்கத்துப் பல்லின் வேரை நெருக்குகின்றன, வேர் உள்ளே நெருங்கினால் கீழே பல்லின் தலை வெளியே சாய்கிறது, அவ்வளவுதான் விஷயம் என்றார். பதினொன்று, பன்னிரண்டு வயதில் கோரைப்பல் முளைக்கும்போது அதுவே மற்ற பற்களைத் தள்ளி நடு இடைவெளியை மூடும். இரண்டு மில்லிமீட்டருக்குள் உள்ள இடைவெளி பெரும்பாலும் இப்படியே சரியாகிவிடுமாம். பல் மருத்துவப் புத்தகங்களில் இதற்கு 'அழகில்லாத வாத்துக்குஞ்சுப் பருவம்' என்றே பெயர் இருக்கிறது. ஒரு ரூபாய்கூட வாங்காமல், வருடம் ஒருமுறை வந்து காட்டுங்கள் என்று அனுப்பிவிட்டார்.

இதைச் சொன்னால் சிலர் மறுகோடிக்குப் போய்விடுகிறார்கள். "பால்பல் எல்லாம் விழட்டும், அப்புறம் பார்த்துக்கலாம்" என்பார்கள். அதுவும் தப்பு. அமெரிக்கப் பல் சீரமைப்பு மருத்துவர் சங்கம் ஏழு வயதுக்குள் ஒருமுறை காட்டிவிடச் சொல்கிறது. காட்டத்தான் சொல்கிறது, கிளிப் போடச் சொல்லவில்லை. அந்த வயதில் முதல் நிரந்தரக் கடைவாய்ப்பல்லும் முன்பற்களும் பொதுவாக வந்திருக்கும். தாடை எப்படி வளர்கிறது, மேல்பல் கீழ்பல்லுக்கு உள்ளே போய்க் கடிக்கிறதா என்பதெல்லாம் அப்போதே தெரியும். பால்பல்தானே என்று சொத்தையில் விடுவதும் இதோடு சேர்ந்த கதைதான். பால் கடைவாய்ப்பல்லை முன்னாலேயே பிடுங்க நேர்ந்தால் பின்னால் இருக்கும் பெரிய பல் நகர்ந்து வந்து அந்த இடத்தைப் பிடித்துக்கொள்ளும். பிறகு முளைக்கிற பல்லுக்கு இடம் இருக்காது.

சிலவற்றுக்குக் காத்திருக்கவும் கூடாது. என் அண்ணன் மகனுக்கு மேல்தாடை குறுகல். ஒன்பது வயதில் அண்ணத்தில் ஒரு திருகு வைத்தார்கள். தினமும் இரவு அண்ணி சின்னச் சாவியை அதன் துளையில் நுழைத்து ஒரு திருப்பு திருப்ப வேண்டும். ஒரு திருப்புக்குக் கால் மில்லிமீட்டர். அந்த வயதில் அண்ணத்தின் நடுவில் இருக்கும் எலும்பு மூட்டு இன்னும் இறுகியிருக்காது, அதனால் மெல்ல விரியும். பத்து நாள் போனதும் அண்ணி அலறியடித்துக்கொண்டு ஃபோன் செய்தார்: "முன்பல் ரெண்டுக்கும் நடுவுல திடீர்னு ஓட்டை விழுந்திடுச்சு!" மூட்டு திறந்துவிட்டது என்பதற்கே அதுதான் அடையாளமாம். சில மாதத்தில் அது தானாகச் சேர்ந்துவிட்டது. இதையே பதினேழு, பதினெட்டு வயதுக்குத் தள்ளிப்போட்டிருந்தால் வெறும் திருகால் முடிந்திருக்குமா என்பது சந்தேகம்தான்.

எத்துப்பல் விஷயம் இரண்டுக்கும் நடுவில். எட்டு ஒன்பது வயதில் ஒரு கட்டம், பன்னிரண்டில் இன்னொரு கட்டம் என்று இரண்டாகப் பிரித்துச் செய்த பிள்ளைகளையும், பன்னிரண்டில் ஒரே தடவையாகச் செய்தவர்களையும் ஒப்பிட்டுப் பார்த்திருக்கிறார்கள். கடைசியில் பல்வரிசையில் பெரிய வித்தியாசம் இல்லை. ஒரே ஒரு லாபம், சீக்கிரம் செய்த பிள்ளைகளுக்கு விழுந்து முன்பல் உடைவது குறைவாக இருந்தது. ஆகவே எந்நேரமும் ஓடி விழுகிற பிள்ளை என்றால், இல்லை பள்ளிக்கூடத்தில் கேலி தாங்காமல் அழுகிற பிள்ளை என்றால், முன்னாலேயே தொடங்குவதில் அர்த்தம் இருக்கிறது. மற்றபடி அவசரம் நம்முடையதுதான்.

சரி, மகள் கதைக்கு வருகிறேன். இடைவெளி சொன்னபடியே மூடியது. ஆனால் பன்னிரண்டு வயதில் பார்த்தால் கீழ்வரிசையில் நெருக்கம், கடியும் ஆழம், அதாவது கடிக்கும்போது மேல்பல் கீழ்பல்லை அளவுக்கு மேல் மூடியது. கிளிப் போட்டோம். கம்பி பல்லை வெறுமனே இழுத்து நகர்த்துகிறது என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். பல் நகர்கிற பக்கம் எலும்பு கரைய வேண்டும், விட்டுவந்த பக்கம் புது எலும்பு வளர வேண்டும். மாதத்துக்குச் சுமார் ஒரு மில்லிமீட்டர் நகர்ந்தால் உண்டு. கம்பியைப் பலமாக முறுக்கினால் சீக்கிரம் முடியாதா என்று கேட்டேன். வேர்தான் கெடும் என்றார் டாக்டர்.

முதல் மூன்று நாள் மென்மையானது எதையும்கூட அவளால் கடிக்க முடியவில்லை. கன்னத்தின் உள்பக்கம் கம்பி குத்திப் புண். மெழுகை உருட்டிக் கம்பி முனையில் ஒட்டிக்கொண்டு பள்ளிக்குப் போனாள். ஒவ்வொரு இரவும் கண்ணாடி முன்னால் நின்று, சின்னக் கூம்புப் பிரஷ்ஷைக் கம்பிக்கு அடியில் ஒவ்வொரு பல்லாக நுழைத்துத் தேய்ப்பாள். தேய்க்காமல் விட்டால் கிளிப்பைக் கழற்றும்போது பல்லில் சதுரம் சதுரமாக வெள்ளைத் தழும்பு தெரியும். இதை நானோ டாக்டரோ செய்ய முடியாது. தூக்கம் சொக்குகிற பன்னிரண்டு வயதுப் பிள்ளைதான் செய்ய வேண்டும்.

ஒரு நாள் தலையணை உறை மாற்றும்போது அடியில் குட்டிக் குட்டி ரப்பர் வளையங்கள், ஒரு கைப்பிடி இருக்கும். மேலும் கீழும் மாட்டிக்கொள்ள வேண்டியவை. நாலு மாதமாகக் கடி ஏன் மாறவில்லை என்பது அப்போதுதான் புரிந்தது. டாக்டர் முன்னால் வைத்தே திட்டினேன். அவர் என் பக்கமே திரும்பவில்லை. "ஏம்மா மாட்டல?" என்று அவளைக் கேட்டார். வகுப்பில் எழுந்து சத்தமாகப் படிக்கும்போது வாயைத் திறந்தால் ரப்பர் பிடித்து இழுக்கிறது, எல்லாரும் சிரிக்கிறார்கள் என்றாள். வீட்டில் என்னிடம் சொல்லாதது. நான் கேட்கவும் இல்லை என்பதுதான் உண்மை. படிக்கிற அந்த அஞ்சு நிமிஷம் கழற்றிக்கொள், உட்கார்ந்ததும் மாட்டிவிடு என்றார். அதற்குப் பிறகு ஒரு நாளும் நான் நினைவூட்ட வேண்டியிருக்கவில்லை.

கண்ணுக்குத் தெரியாத பிளாஸ்டிக் உறையையே போட்டிருக்கலாமே என்று கேட்பவர்களுக்கு: அதை ஒரு நாளைக்கு இருபது இருபத்திரண்டு மணி நேரம் மாட்டியிருக்க வேண்டும், சாப்பிடும்போது கழற்ற வேண்டும். வாரம் ஒரு அழிரப்பர் தொலைக்கிற பிள்ளையை வைத்திருப்பவர்கள் யோசித்துக்கொள்ளுங்கள்.

கடி சரியாக இருந்து, பிரஷ் எட்டி, பிள்ளையும் அதைப் பற்றிக் கவலைப்படாமல் இருந்தால் ஒரு தெத்துப்பல்லை விட்டுவிடலாம் என்பது என் கட்சி. திருத்த வேண்டும் என்று முடிவெடுத்தால், இரண்டு வருடம் அந்த வேலையைச் செய்யப் போகிறவரிடம் முதலில் கேளுங்கள்.

வேலை கழற்றிய அன்றோடு முடியவும் இல்லை. ஈறில் இருக்கும் நார்கள் புது இடத்துக்குப் பழக ஒரு வருடம்வரை ஆகும், அதுவரை பல்லைப் பழைய இடத்துக்கே இழுக்கும். அதற்குப் பிறகும் வயதோடு பல் நகரத்தான் செய்யும். கிளிப்பைக் கழற்றிய பிறகு பல்லை அதே இடத்தில் பிடித்துவைக்க மாட்டிக்கொள்கிற ரிடெய்னர் அதற்குத்தான். நானும் பதினைந்து வயதில் கிளிப் போட்டவள். ரிடெய்னரை எட்டு மாதத்தில் விட்டுவிட்டேன். என் கீழ்வரிசை இப்போது ஒன்றன்மேல் ஒன்று ஏறி நிற்கிறது.

நேற்று இரவு ரிடெய்னரை மாட்டிக்கொண்டு, 'ச' வராத குரலில் கேட்டாள், "உன்னோடது எங்கம்மா?" தேடினால் ஏதாவது பழைய பெட்டியில் கிடைக்கலாம். கிடைத்தாலும் இனி என் வாயில் பொருந்தாது.